பார்லரில் போட்டால் பத்து நாள், நான் போட்டால் ரெண்டே நாள்: நகப்பூச்சு எங்கே தப்புகிறது?

பேட்டை மருமகள்:

எல்லாருக்கும் வணக்கம். ஆவணியில் தம்பிக்குக் கல்யாணம். அக்கா என்கிற முறையில் தட்டைத் தூக்கிக்கொண்டு முன்னால் நிற்கப்போவது நான்தான். வீடியோ எடுக்கிறவர் முகத்தை விட்டுவிட்டுக் கையைத்தான் கிட்டத்தில் வந்து எடுப்பார். திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு பார்லரில் மெனிக்யூர் என்ன விலை என்று விசாரித்தேன். நான், அம்மா, சித்தி மகள்கள் ரெண்டு பேர் என்று கணக்குப் போட்டால் அந்தக் காசுக்கு ஒரு நல்ல சேலையே எடுத்துவிடலாம். சரி, நாமே போட்டுப் பார்ப்போம் என்று போன ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன்.

வெந்நீரில் ஷாம்பு, எலுமிச்சைச் சாறு, கொஞ்சம் கல் உப்பு கலந்து இருபது நிமிடம் கையை ஊறப்போட்டேன். நகத்தைச் சுற்றி ஊறி வெள்ளையாக இருந்த தோலை நகவெட்டியால் வெட்டி எடுத்தேன். தேங்காய் எண்ணெய் தேய்த்து நன்றாக நீவிவிட்டேன். துண்டால் துடைத்துவிட்டு மெரூன் கலர் கெட்டியாக ரெண்டு கோட் அடித்து, ஃபேனை அஞ்சில் வைத்து அதன் கீழே கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு ராத்திரி லட்சணமாகத்தான் இருந்தது. திங்கட்கிழமை மாவு ஆட்டினேன், பாத்திரம் கழுவினேன். செவ்வாய் காலையில் ஆள்காட்டி விரலில் இருந்த பூச்சு, பாம்பு சட்டை உரித்த மாதிரி முழுசாகக் கழன்று வந்துவிட்டது. மற்ற விரல்களில் குட்டிக் குட்டியாகக் கொப்புளம். போன வருஷம் இதே கம்பெனி பாலிஷைப் பார்லரில் போட்டபோது பத்து நாள் அசையவில்லை. எங்கே தப்பு செய்தேன்?

டவுன் வளையல்காரி:

ஏட்டி, பாலிஷ் மேல் தப்பே இல்லை. நீ செய்த வரிசைதான் தப்பு. நான் எட்டு வருஷம் பார்லரில் நின்றவள், இப்போது டவுனில் வளையல் கடை வைத்திருக்கிறேன். உள்ளதைச் சொல்கிறேன்: பார்லரில் கலர் அடிப்பதற்குப் பத்து நிமிடம் ஆனால், அதற்கு முன்னால் நகத்தைக் காயவைத்துத் துடைப்பதற்கு இருபது நிமிடம் ஆகும்.

நகம் பார்க்கத்தான் கல் மாதிரி. தண்ணீரில் போட்டால் நன்றாகக் குடிக்கும். ஊறின நகம் உப்பி, அதன் வளைவு கொஞ்சம் தட்டையாகிவிடும். அந்த நேரத்தில் பாலிஷ் அடித்தால், நகம் காய்ந்து பழைய வடிவத்துக்குத் திரும்பும்போது மேலே இறுகிப்போன பூச்சு கூடவே வராது, ஓரத்தில் விட்டுக்கொடுக்கும். நீ எண்ணெய் வேறு தேய்த்திருக்கிறாய். எண்ணெய்ச் சட்டியில் பொட்டு ஒட்டினால் நிற்குமா?

ஊறவைக்க ஆசையென்றால் முந்தின நாள் ராத்திரியே முடித்துவிடு. எலுமிச்சையும் உப்பும் வேண்டாம், தோல் வறண்டுதான் போகும். மறுநாள் கை நன்றாகக் காய்ந்திருக்கும்போது, நகத்தை ராவுகிற ஃபைல் போடு. ரம்பம் அறுக்கிற மாதிரி முன்னும் பின்னும் இழுக்காதே. ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒரே பக்கமாக இழு. ஃபைலில் 180, 240 என்று நம்பர் போட்டிருக்கும், நம்பர் ஏற ஏற மிருது. 100 நம்பரைச் சொந்த நகத்தில் தொடவே தொடாதே, அது ஒட்டு நகத்துக்கு.

அப்புறம் கை கழுவித் துடைத்துவிட்டுப் பத்து நிமிடம் சும்மா இரு. ரிமூவரையோ, மெடிக்கல் கடையில் கிடைக்கிற சர்ஜிக்கல் ஸ்பிரிட்டையோ தொட்டு ஒவ்வொரு நகமாகத் துடை. பஞ்சு நூல்நூலாக ஒட்டும், பழைய வேட்டித் துணி நல்லது. நகத்தின் ரெண்டு ஓரத்தையும் விட்டுவிடாதே, உரிய ஆரம்பிப்பது அங்கேயிருந்துதான். பளபளப்பு போய், சாம்பல் பூத்தாற்போல் தெரிந்தால் நகம் தயார். அதற்கப்புறம் தலைமுடியைக் கோதாதே, மூக்கைத் தொடாதே, யாராவது அல்வாவை நீட்டினாலும் வாயைத் திற, கையை நீட்டாதே.

முதலில் கலருக்கு அடியில் போடுகிற பேஸ் கோட் மெல்லிசாக ஒன்று. அது பிடிமானத்துக்கும் ஆகும், மெரூன், சிவப்பெல்லாம் நகத்தில் மஞ்சளாகக் கறை இறக்காமல் தடுக்கவும் ஆகும். கலர் பாட்டிலைக் குலுக்காமல் ரெண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டு. பிரஷின் ஒரு பக்கத்தைப் பாட்டில் வாயில் முழுசாக வழித்துவிடு. மறுபக்கம் நுனியில் ஒரே ஒரு துளி முத்து மாதிரி நிற்க வேண்டும். அந்த முத்தை நகத்தின் நடுவில், தோலுக்குச் சற்றுத் தள்ளி வை. தோல் பக்கமாக ஒரு மயிரிழை தள்ளு, தொடவிடாதே. அங்கிருந்து நுனிவரை ஒரே இழுப்பு. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. மூன்று இழுப்போடு கையை எடுத்துவிடு. நாலாவதாக ஒன்று இழுத்தால் சரியாகிவிடும் என்று மனசு சொல்லும், கேட்காதே, கோடு விழுவது அந்த நாலாவதில்தான். கடைசியில் வாசல்படி விளிம்பில் காவி தீட்டுகிற மாதிரி நகத்தின் நுனி விளிம்பிலும் பிரஷை ஒரு தடவை ஓட்டு. பாத்திரம் கழுவுகிற தண்ணீர் உள்ளே நுழைகிற வாசல் அது.

முதல் கோட் திட்டுத்திட்டாகத்தான் இருக்கும். அதைப் பார்த்துப் பயந்துதான் நீ கெட்டியாக அடித்திருக்கிறாய். கெட்டியாக அடித்தால் மேலே மட்டும் ஆடை கட்டிவிடும், அடியில் இருக்கிற ஈரம் ஆவியாகப் போக வழியில்லாமல் குமிழாக எழும்பும். உன் ஃபேன் அந்த ஆடையை இன்னும் சீக்கிரம் கட்டவைத்துவிட்டது. ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவில் ரெண்டு மூன்று நிமிடம் விட்டு, மெல்லிசாக ரெண்டு கலர், மேலே டாப் கோட். அதற்கும் நுனி விளிம்பு உண்டு.

வள்ளியூர் காத்து:

ஃபேனாவது பரவாயில்லை அக்கா. எங்கள் பக்கம் இந்த ஆடி மாசம் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு பாலிஷ் போட்டுப் பாருங்கள். பணகுடியில் காற்றாலை சுற்றுகிற காற்று அப்படியே வீட்டுக்குள் வந்துபோகும். டாப் கோட் போட்டு நிமிர்கிறேன், பத்து விரலிலும் செம்மண் தூசி. எள்ளுருண்டை மாதிரி ஆகிவிட்டது. இப்போதெல்லாம் சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டுதான் போடுகிறேன், மூச்சு முட்டினாலும் பரவாயில்லை என்று.

என் சந்தேகம் வேறு. பீரோ மேல் வைத்திருந்த பாட்டில் சித்திரை வெயிலில் கருப்பட்டிப் பாகு மாதிரி இறுகிவிட்டது. ரிமூவர் ஊற்றிக் கலக்கினேன். ரெண்டு நாள் சரியாக இருந்தது, அப்புறம் திரிதிரியாகப் போய்விட்டது.

டவுன் வளையல்காரி:

ரிமூவர் பூச்சைக் கலைக்கிற சரக்கு, அதைக் கொண்டுபோய் பாட்டிலுக்குள் ஊற்றினால்? நெயில் பாலிஷ் தின்னர் என்றே தனியாக விற்கிறார்கள், ரெண்டு மூன்று சொட்டு போதும். பெயிண்ட் கடைத் தின்னர் கிடையாது, அதையும் ஒருத்தி ஊற்றிப் பார்த்தாள். பாட்டிலை வெயில் படாத, சூடு ஏறாத இடத்தில் வை. அப்புறம் அந்தச் சாமான் அறைக் கதவைக் கொஞ்சம் திறந்து வை தாயி, அந்த நெடி நல்லதில்லை. பக்கத்தில் சாமி விளக்கு எரிந்தால் ரிமூவர் பாட்டிலைத் திறக்கவே கூடாது, குப்பென்று பிடித்துக்கொள்ளும்.

பாளை நர்ஸ்:

"வெள்ளையாக இருந்த தோலை வெட்டினேன்" என்று படித்ததுமே எனக்கு வயிறு கலங்கியது. இதைக் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அங்கே ரெண்டு சமாச்சாரம் இருக்கிறது. நகத்தின் மேலேயே ஒட்டிக்கொண்டு வளர்கிற மெல்லிய படலம் ஒன்று. அது செத்த தோல், பையத் தள்ளிச் சுரண்டி எடுக்கலாம். அதற்குப் பின்னால் மடிப்பாக இருப்பது உயிருள்ள தோல். நகத்தின் வேருக்குள் தண்ணீரும் கிருமியும் போகாமல் அடைத்துக்கொண்டிருப்பது அதுதான். ஊறினால் ரெண்டும் ஒரே மாதிரி வெள்ளையாகத் தெரியும், அதனால்தான் ஆட்கள் தெரியாமல் வெட்டிவிடுகிறார்கள். வெட்டின இடம் வழியாகக் கிருமி போனால் நகச்சுற்று.

இதை ஊருக்கு உபதேசமாகச் சொல்லவில்லை. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாணத்துக்காக ஒரு பார்லரில் போய் உட்கார்ந்தேன். அந்தப் பெண் ஏற்கெனவே வேறு யாருக்கோ வெட்டின கட்டரை ஒரு துணியில் துடைத்துவிட்டு என் கட்டைவிரலில் வைத்தாள். வாயைத் திறந்து கேட்கக் கூச்சம், நர்ஸாக இருந்துகொண்டு! மூணாம் நாள் விண்விண் என்று தெறித்தது. எங்கள் ஆச்சி எலுமிச்சம்பழத்தில் ஓட்டை போட்டு விரலில் சொருகிவிட்டாள். குளுகுளு என்று சுகமாகத்தான் இருந்தது, ஆனால் சீழ் கோத்த பிறகு பழம் என்ன செய்யும்? கீறி எடுத்துத்தான் வலி நின்றது. சர்க்கரை உள்ளவர்கள் பழமெல்லாம் சொருகிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், சிவந்து வீங்கினாலே டாக்டரிடம் போய்விடுங்கள்.

குளித்துவிட்டு வந்த சூட்டோடு துண்டின் ஓரத்தை விரலில் சுற்றி, நகத்தடித் தோலைப் பையப் பின்னால் தள்ளினாலே போதும். வாரத்துக்கு ரெண்டு தடவை இப்படிச் செய்தால் வெட்டுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. கட்டர், ஃபைல் எல்லாம் ஆளுக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். இரும்புச் சாமானைச் சோப்புப் போட்டுக் கழுவி, காயவைத்து, ஸ்பிரிட்டால் துடைத்து வையுங்கள்.

இன்னொன்று, ஆபரேஷனுக்கு வருகிறவர்கள் பாலிஷை எடுத்துவிட்டு வாருங்கள். விரலில் மாட்டுகிற ஆக்சிஜன் கிளிப் நகம் வழியாக வெளிச்சத்தைப் பாய்ச்சித்தான் கணக்குப் பார்க்கிறது, நீலம், கறுப்பெல்லாம் அதைக் குழப்பும். நகத்தின் நிறம் மாறுகிறதா என்று நாங்கள் கண்ணாலும் பார்ப்போம்.

கல்லிடை மைனி:

எல்லாரும் ஊறவைக்காதே ஊறவைக்காதே என்கிறீர்கள். நான் போகிற பார்லரில் முதல் வேலையே தண்ணீர்க் கிண்ணத்தில் கையை வைக்கச் சொல்வதுதான். அவர்கள் போடுவது மட்டும் எப்படி நிற்கிறதாம்?

டவுன் வளையல்காரி:

மைனி, கிண்ணத்தில் வைத்த உடனே கலர் அடிக்கிறார்களா என்று அடுத்த தடவை கவனியுங்கள். ஊறவைப்பது தோலுக்கு. அதற்கப்புறம் சுரண்டல், நீவல், டிவி சீரியல் கதை என்று அரைமணி நேரம் ஓடிவிடும். நகம் அதற்குள் பெரும்பாலும் காய்ந்திருக்கும். கலருக்கு முன்னால் ரிமூவர் தொட்ட பஞ்சால் ஒரு துடை துடைப்பார்கள், நீங்கள் சீரியல் கதையில் இருந்திருப்பீர்கள். இப்போது தண்ணீரே தொடாமல் செய்கிற இடங்களும் வந்துவிட்டன.

கல்லிடை மைனி:

துடைத்தாள், துடைத்தாள். சில்லென்று இருந்தது ஞாபகம் இருக்கிறது. நான் சென்ட் என்றல்லவா நினைத்தேன். சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கலர் விஷயத்தில் நான் சொல்வதைக் கேள் பேட்டைப் பெண்ணே: மெரூனே போடு. என் நாத்தனார் மகள் கல்யாணத்தில் எல்லாரும் லேசான ரோஸ் போட்டுக்கொண்டு நலங்குக்கு மஞ்சள் தொட்டார்கள். பத்து நகமும் காமாலை வந்த மாதிரி ஆகிவிட்டது. சோப்புப் போட்டுத் தேய்த்தால் மஞ்சள் இன்னும் சிவக்கிறது! வெயிலில் கையை வைத்திருந்தால் கொஞ்சம் வெளுக்கும், ஆனால் மண்டபத்தில் வெயிலுக்கு எங்கே போக?

வண்ணார்பேட்டை ஸ்பேனர்:

இங்கே ஆம்பளைகள் எழுதலாமா என்று தெரியவில்லை. பாலிஷ் எல்லாம் வேண்டாம், எனக்கு நகம் சுத்தமாக இருந்தால் போதும். டூவீலர் ஒர்க்‌ஷாப். பெண் பார்க்கப் போகிற வீட்டில் காபி டம்ளரை நீட்டும்போது கையை ஒளிக்க வேண்டியிருக்கிறது. பெட்ரோல் போட்டுக் கழுவியும் நகக்கண்ணில் கறுப்பு போகவில்லை.

பாளை நர்ஸ்:

தம்பி, பெட்ரோலை முதலில் நிறுத்துங்கள், தோல் வெடித்து அந்த வெடிப்பிலும் கிரீஸ் இறங்கும். கிரீஸை எண்ணெய்தான் இளக்கும். தேங்காய் எண்ணெயை நகத்தைச் சுற்றித் தேய்த்து அஞ்சு நிமிடம் விட்டு, அப்புறம் பாத்திரம் தேய்க்கிற சோப்பும் பழைய டூத் பிரஷும். ஊசி, குண்டூசி வைத்து நகத்துக்கு அடியில் குடையாதீர்கள், நகம் சதையை விட்டுப் பிரிந்தால் அழுக்கு இன்னும் உள்ளே போகும்.

டவுன் வளையல்காரி:

அதோடு காலையில் வேலையைத் தொடங்குமுன் ஒரு சோப்புக் கட்டியைப் பத்து விரல் நகத்தாலும் பிறாண்டுங்கள். நகத்துக்கு அடியில் சோப்பு அடைத்துக்கொண்டால் கிரீஸ் உட்கார இடமிருக்காது. சாயங்காலம் கழுவினால் சோப்போடு போய்விடும். போகிற வீடு நல்ல வீடாக அமையட்டும்.

மேலப்பாளையம் மருதாணி:

எங்கள் வீட்டில் நெயில் பாலிஷ் பெருநாளுக்கு மட்டும்தான், அதுவும் அன்றைக்கே போய்விடும். தொழுகைக்கு முன்னால் கை, முகம் கழுவி ஒளு செய்யும்போது தண்ணீர் நகத்தில் படவேண்டும், பாலிஷ் மறைத்துக்கொள்ளும் என்பதால் அழித்துவிட்டுத்தான் தொழுகைக்கு நிற்போம். மருதாணி நகத்திலேயே ஏறிய நிறம், தண்ணீரை மறைக்காது. ஆடியில் ஊரே மருதாணி அரைக்கிற நேரத்தில் யாருமே அதைப் பற்றிப் பேசாததுதான் எனக்கு ஆச்சரியம்.

இலையைத் தண்ணீர் குறைவாக, கொஞ்சம் புளியும் கொட்டைப்பாக்கும் வைத்து மைய அரைத்து, விரலுக்குத் தொப்பி மாதிரி வைத்து ராத்திரி முழுக்க விடுங்கள். தோலில் பத்துப் பதினைந்து நாளில் மங்கிவிடும். நகத்தில் மட்டும் அழியவே அழியாது, வளர்ந்து வெட்டிப் போனால்தான் உண்டு. ஒரே ஒரு எச்சரிக்கை: அஞ்சு நிமிடத்தில் கறுப்பாகப் பிடிக்கும் என்று விற்கிற கோன் பக்கமே போகாதீர்கள். மருதாணி தரும் நிறம் ஆரஞ்சும் சிவப்பும்தான். கறுப்புக்குத் தலைமுடிச் சாயத்தில் சேர்க்கிற ரசாயனத்தைக் கலப்பார்கள், என் மச்சிக்குக் கை முழுக்கக் கொப்புளம் போட்டுத் தழும்பு இன்னும் இருக்கிறது.

கல்லூரிக்காரி:

அக்காமார்களே, இவ்வளவு பாடு எதற்கு? ஆன்லைனில் ஜெல் கிட் வாங்கினால் விளக்கோடு சேர்த்தே தருகிறார்கள். ரெண்டு நிமிடத்தில் காய்ந்துவிடும், ரெண்டு வாரம் நிற்கும். ஹாஸ்டலில் நாங்கள் அஞ்சு பேர் சேர்ந்து வாங்கப்போகிறோம்.

டவுன் வளையல்காரி:

நிற்கும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அது காற்றில் காய்கிற சரக்கில்லை, அந்த விளக்கின் ஒளியில்தான் இறுகும். ஒரு கம்பெனி ஜெல்லை வேறு கம்பெனி விளக்கில் காட்டினால் மேலே இறுகி அடியில் வேகாமல் கிடக்கலாம். வேகாத ஜெல் தோலில் திரும்பத் திரும்பப் பட்டால் ஒவ்வாமை வரும், வந்தால் ஆயுசுக்கும் போகாது. ஜெல்லில் போடுகிற டிபிஓ (TPO) என்ற ஒரு சேர்மானத்தை ஐரோப்பாவில் 2025 செப்டம்பர் 1 முதல் தடையே செய்துவிட்டார்கள். வாங்கினால் அது இல்லாததாகப் பார்த்து வாங்கு, தோலில் பட்டால் விளக்கில் காட்டுமுன் துடை. எடுக்கும்போது அசிட்டோன் தொட்ட பஞ்சை நகத்தில் வைத்து ஃபாயில் சுற்றிக் கால்மணி நேரம் பொறு. பரீட்சை ஹாலில் உட்கார்ந்து பிய்த்தால் நகத்தின் மேல் அடுக்கும் சேர்ந்து வரும்.

முக்கூடல் மகள்:

இத்தனை நாள் வாசித்துவிட்டு மட்டும் போவேன். இன்றைக்குக் கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன். எங்கள் அம்மா முப்பது வருஷமாகப் பீடி சுற்றுகிறாள். இலையை நனைத்து வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, தலையை நகத்தால் மடக்குவாள். சுளகை மடியில் வைத்தால் ஆயிரம் முடியாமல் எழுந்திருக்க மாட்டாள். வலது கட்டைவிரல் நகமும் ஆள்காட்டி விரல் நகமும் பழுப்பேறி, நுனி பிளந்து கிடக்கிறது. அடுத்த மாசம் என் பிள்ளைக்குக் காது குத்து. அம்மா கை அழகாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அந்தக் கறையை எடுக்க ஏதாவது இருக்கிறதா? எலுமிச்சையைத் தேய்த்தால் எரிகிறது என்கிறாள்.

பாளை நர்ஸ்:

எலுமிச்சையை நிறுத்திவிடுங்கள் தங்கச்சி. வெடிப்பில் புளிப்புப் பட்டால் எரியத்தான் செய்யும். நகத்துக்குள் இறங்கின கறை தேய்த்தால் போகாது, வளர்ந்துதான் வெளியே போகும். கைநகம் மாசத்துக்குச் சுமாராக 3 மில்லிமீட்டர் வளரும், முழு நகமும் புதுசாக வர ஆறு மாசம் ஆகிவிடும். நுனி பிளப்பது இலை ஈரத்தில் நனைந்து காய்ந்து, நனைந்து காய்ந்து வருவது. ராத்திரி படுக்கும்போது விளக்கெண்ணெய் ஒரு சொட்டு நகத்தைச் சுற்றித் தடவச் சொல்லுங்கள்.

டவுன் வளையல்காரி:

ஒரு மாசத்தில் பிளவு கொஞ்சம் குறையும். விசேஷத்துக்கு முந்தின நாள் நுனியை 240 ஃபைலால் மட்டமாக்கி, எண்ணெய் போகத் துடைத்து, பேஸ் கோட் மேல் செங்கல் சிவப்போ மெரூனோ ரெண்டு கோட் அடி. கறை வெளியே தெரியாது. ராத்திரி சோறு வடித்து, பாத்திரமெல்லாம் ஒதுக்கின பிறகு போடு. தொட்டால் ஒட்டாது என்பதற்காகக் காய்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை, முழுசாக இறுக மணிக்கணக்கில் ஆகும். போட்ட உடனே படுத்தால் போர்வைத் தடம் விழும்.

பேட்டை மருமகள்:

பத்து நாள் கழித்து வருகிறேன். அக்கா சொன்ன வரிசையிலேயே செய்தேன். ஊறவைக்கவில்லை, வெட்டவில்லை, வேட்டித் துணி, ஸ்பிரிட், மூன்று இழுப்பு. வலது கையில் போட இடது கை நடுங்கியது, முழங்கையை மேஜையில் ஊன்றி, பிரஷை நகர்த்தாமல் விரலை உருட்டினேன், சரியாக வந்தது. தோலில் வழிந்ததை ரிமூவர் தொட்ட தீக்குச்சியால் வழித்தேன். இன்றைக்கு எட்டாம் நாள், மாவும் ஆட்டி, மீனும் கழுவியாயிற்று. வலது கட்டைவிரல் நுனியில் மட்டும் ஓர் எள்ளளவு தேய்ந்திருக்கிறது. அந்த விரலில் நுனி விளிம்பு தீட்ட மறந்தது நான்தான்.

முக்கூடல் மகள்:

அம்மாவிடம் சொன்னேன். "எனக்கு எதுக்குட்டி இந்தக் கோட்டித்தனம்" என்று கையை இழுத்துக்கொண்டாள். விளக்கெண்ணெய் மட்டும் நாலு நாளாகப் போடுகிறாள். நேற்று ராத்திரி சுளகை ஒதுக்கி வைத்துவிட்டு அவளாகவே வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "இந்த ரெண்டு விரலும் வேண்டாம், மறுநாள் பீடி மடக்கணும்லா, மத்த எட்டுலயும் போடு" என்றாள்.

டவுன் வளையல்காரி:

என்ன கலர் கேட்டாள்?

முக்கூடல் மகள்:

ரோஸ்.